படத்தின்மேல் ஒளிபுகும் வடிவங்கள்: கட்டளைவரியில் வரையத் தொடங்குவோருக்கு

ஒரு நிழற்படத்தின் அடிப்பகுதியில் கருமையான பட்டை ஒன்றை இட்டு, அதன்மேல் தலைப்பை எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் பட்டைக்குக் கீழே உள்ள காட்சி அடியோடு மறைந்துவிடக் கூடாது. ஒரு வரைபடத்தில் குறிப்பிட்ட வட்டாரத்தை வண்ணமிட்டுக் காட்ட வேண்டும். ஆனால் அங்கே அச்சாகியுள்ள ஊர்ப்பெயர்கள் படிக்கும்படி இருக்க வேண்டும். இத்தகைய இடங்களில்தான் ஒளிபுகும் வடிவங்கள் தேவைப்படுகின்றன. ஒரே ஒரு படம் என்றால் எந்த வரைகலை மென்பொருளிலும் மவுஸை இழுத்து வரைந்துவிடலாம். நூற்றுக்கணக்கான படங்களில் ஒரே இடத்தில், ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில் வடிவம் விழ வேண்டும் என்றால், கட்டளைவரிக் கருவிகளுக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரையில் நாம் பயன்படுத்தப் போவது இமேஜ்மேஜிக் என்னும் கட்டற்ற மென்பொருள். டூபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கிறிஸ்டி 1987இல் இதை எழுதத் தொடங்கினார். கோடிக்கணக்கான வண்ணங்கள் கொண்ட படங்களை, 256 வண்ணங்களை மட்டுமே காட்டவல்ல அன்றைய திரைகளுக்கு ஏற்ப மாற்றுவதுதான் அப்போதைய தேவை. 1990இல் அனைவருக்கும் இலவசமாக வெளியிடப்பட்ட அது, இன்று லினக்ஸ், மேக், விண்டோஸ் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தருகிறேன்; அவற்றில் பெரும்பாலானவை அன்றாடம் புழங்கும் எளிய ஆங்கிலச் சொற்களே என்பதால், டெர்மினல் எனப்படும் கட்டளைச் சாளரத்தில் தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளில் இட்டுக்கொள்வது கடினமாக இராது.

கட்டளைகளுக்குப் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒளிபுகும் வடிவத்தை ஒரு படத்தின்மேல் வரைந்து சேமித்த பிறகு, அந்தப் படத்தில் வடிவம் என்று தனியாக எதுவும் இருப்பதில்லை. மாற்றப்பட்ட எண்கள் மட்டுமே இருக்கின்றன. தொடக்கநிலையில் எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை, அதாவது இரண்டு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் ஏன் கருத்துப்போகிறது, ஒளிபுகும் நிறத்தால் வரைந்தும் படத்தில் ஏன் துளை விழவில்லை, கறுப்புப் பட்டை இட்டு மறைத்த எண் எப்படி வெளியே தெரிந்தது என்பன போன்றவை, இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால் தாமாகவே தெளிவாகிவிடும்.

ஆல்ஃபா என்னும் நான்காவது எண்

ஒரு வண்ணப் படத்தின் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. வழக்கமான படங்களில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். இவற்றோடு நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்து, அந்த நிறம் எவ்வளவு அழுத்தமாகப் படிய வேண்டும் என்பதைக் குறிக்கும் முறையை, 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் பணியாற்றிய ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மலும் உருவாக்கினார்கள். அந்த எண்தான் ஆல்ஃபா. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, ஆல்ஃபா உள்ள இரண்டு படங்களை எத்தனை வகைகளில் ஒன்று சேர்க்கலாம் என்பதை வகுத்துக் காட்டியது. ஒன்றின்மேல் ஒன்றை வைப்பது, ஒன்றால் மற்றொன்றை வெட்டியெடுப்பது முதலிய அவ்வகைகள், இன்றைய கருவிகளில் ஏறக்குறைய அதே பெயர்களோடு வழங்குகின்றன.

ஆல்ஃபா 1 என்றால் நிறம் முழுவதுமாக மறைக்கும். 0 என்றால் எதுவும் படியாது. இடைப்பட்ட மதிப்புக்கான கணக்கு இதுதான்: வடிவத்தின் நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்குங்கள், அடியில் உள்ள நிறத்தை, 1இலிருந்து ஆல்ஃபாவைக் கழித்து வரும் எண்ணால் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டுங்கள். மணல் நிறத்தில் ஒரு சுவர் இருப்பதாகவும், அதில் ஒரு பிக்சலின் எண்கள் 200, 180, 160 என்றும் வைத்துக்கொள்வோம். அதன்மேல் 255, 0, 0 என்ற தூய சிவப்பை 0.5 ஆல்ஃபாவில் இட்டால், சிவப்பு எண் 127.5ஐயும் 100ஐயும் கூட்டி 227.5 ஆகிறது, பச்சை 90 ஆகவும் நீலம் 80 ஆகவும் குறைகின்றன. ஆல்ஃபாவை 0.25 ஆக்கினால் ஏறத்தாழ 214, 135, 120 என்று வரும். சுவரின் நிறமே மேலோங்கி நிற்க, சிவப்பு மெல்லச் சாயல் காட்டும். ஆல்ஃபா என்பது இவ்வளவுதான்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். படக் கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் அளவை நேர்விகிதத்தில் குறிப்பவை அல்ல. கண்ணின் உணர்வுக்கு ஏற்ப வளைக்கப்பட்டவை. வெள்ளையின்மேல் கறுப்பைப் பாதி ஆல்ஃபாவில் இட்டால் 128 என்ற சாம்பல் கிடைக்கிறது. ஆனால் திரையில் அது தரும் ஒளி வெள்ளையின் ஒளியில் ஏறத்தாழ 22 விழுக்காடுதான். உண்மையில் பாதி ஒளி வேண்டுமானால் 188 என்ற எண் வந்திருக்க வேண்டும். இமேஜ்மேஜிக் இயல்பாக வளைந்த எண்களின்மீதே கணக்கிடுகிறது. பட்டை இடுவது, பகுதியைச் சுட்டிக் காட்டுவது போன்ற வேலைகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. ஒளியின் அளவு துல்லியமாக இருந்தாக வேண்டிய பணிகளில் மட்டும் படத்தை முதலில் நேர்விகித வண்ணவெளிக்கு மாற்றி, வரைந்து முடித்த பின் பழையபடி திருப்பிக்கொள்ளலாம்.

முதல் கட்டளை

கோபுரம் என்ற பெயரில் ஒரு ஜேபிஜி படம் இருப்பதாகக் கொள்வோம். அதன்மேல் சிவப்புச் செவ்வகம் ஒன்றைப் பாதி அழுத்தத்தில் வரையும் கட்டளை இப்படி அமையும்:

மேஜிக் கோபுரம்.ஜேபிஜி -ஃபில் 'ஆர்ஜிபிஏ(255,0,0,0.5)' -டிரா 'ரெக்டாங்கிள் 100,100 300,200' விடை.பிஎன்ஜி

இடமிருந்து வலமாக, எழுதிய வரிசையிலேயே இது நிறைவேற்றப்படுகிறது. படம் நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. நிரப்பும் நிறம் இன்னதென்று குறித்துவைக்கப்படுகிறது. பிறகு அந்த நிறத்தில் செவ்வகம் வரையப்படுகிறது. இறுதியாகப் புதிய பெயரில் கோப்பு எழுதப்படுகிறது. ஃபில் என்பது ஓர் அமைப்பு. அது எதையும் வரையாது, தனக்குப் பின்னால் வரும் செயல்களுக்கு நிறத்தைச் சொல்லிவைக்கும், அவ்வளவே. ஆகவே அதை டிராவுக்குப் பின்னால் எழுதினால் பிழைச்செய்தி எதுவும் வராது. ஆனால் செவ்வகம் இயல்பு நிறமான கறுப்பில், சிறிதும் ஒளிபுகாமல் விழுந்திருக்கும். ஒருமுறை சொன்ன அமைப்பு, வேறொன்றைச் சொல்லும்வரை நீடிக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அரைக்கறுப்புப் பட்டையை வரைந்த பின் நிறத்தை மாற்றாமல் எழுத்தை இட்டால், எழுத்தும் அதே அரைக்கறுப்பில் பட்டைக்குள்ளேயே மங்கிப்போகும்.

ஆயத்தொலைவுகள் இடது மேல் மூலையிலிருந்து தொடங்குகின்றன. பள்ளிக்கூடத்து வரைபடத் தாளுக்கு மாறாக, கீழே போகப் போக இரண்டாம் எண் கூடும். செவ்வகத்துக்கு நாம் தருவது ஒரு மூலையும் அதற்கு எதிர்மூலையும். அகல உயரங்கள் அல்ல. இந்த இரண்டு மூலைப் பிக்சல்களும் வடிவத்துக்குள் அடக்கம் என்பதால், மேலே வரைந்த செவ்வகத்தின் அகலம் 201 பிக்சல், உயரம் 101 பிக்சல். ஒளிபுகா நிறத்தில் இந்த ஒரு பிக்சல் வேறுபாட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ஒளிபுகும் செவ்வகங்கள் இரண்டை ஒட்டி வைத்து, முதலாவது முடியும் எண்ணிலேயே இரண்டாவதைத் தொடங்கினால், பொதுவாக அமையும் அந்த ஒரு பிக்சல் கோட்டில் நிறம் இருமுறை படிந்து, இடையே கருத்த கீறல் ஒன்று தெரியும். முதல் செவ்வகம் 300இல் முடிந்தால் அடுத்தது 301இல் தொடங்க வேண்டும்.

வட்டத்துக்கு ஆரம் கேட்கப்படுவதில்லை. மையமும் விளிம்பில் ஏதேனும் ஒரு புள்ளியும் கேட்கப்படுகின்றன. சர்க்கிள் 200,200 200,150 என்றால் 50 பிக்சல் ஆரமுள்ள வட்டம். எலிப்ஸுக்கு மையம், இரண்டு ஆரங்கள், தொடங்கும் கோணம், முடியும் கோணம் ஆகியவை தேவை. முழு நீள்வட்டத்துக்குக் கோணங்கள் 0,360. முனை மழுங்கிய செவ்வகத்துக்கு ரவுண்ட்ரெக்டாங்கிள், பலகோணத்துக்குப் பாலிகன். பாலிகனில் மூலைகளை வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம், முதல் புள்ளியை மீண்டும் எழுதி மூட வேண்டியதில்லை.

நிறத்தை மேலே கண்டவாறு நான்கு எண்களாகவும் தரலாம், எண்குறியைத் தொடர்ந்து எட்டு இலக்கப் பதினறும முறையிலும் தரலாம். #00000080 என்பது கறுப்பு. கடைசி இரண்டு இலக்கங்களே ஆல்ஃபா. பதினறும முறையில் 80 என்பது நாம் எண்ணும் 128, அதாவது 255இல் ஏறத்தாழப் பாதி. எந்த முறையில் எழுதினாலும் மேற்கோள்குறிக்குள் எழுதுங்கள். லினக்ஸ், மேக் டெர்மினல்களில் அடைப்புக்குறிக்குத் தனிப்பொருள் உண்டு. மேற்கோள் இல்லாவிட்டால் கட்டளை ஓடாது. எண்குறியின் நிலைமை இன்னும் மோசம்: லினக்ஸ் டெர்மினலில் ஒரு சொல்லின் தொடக்கத்தில் வரும் எண்குறி, அங்கிருந்து வரியின் இறுதிவரை வெறும் குறிப்புரை என்று பொருள்படும். நிறமும் வடிவமும் வெளியீட்டுக் கோப்பின் பெயரும் சேர்ந்தே விழுங்கப்பட்டுவிடும். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ஒற்றை மேற்கோள் செல்லாது. இரட்டை மேற்கோள் வேண்டும்.

பழைய வழிகாட்டிகளில் மேஜிக் என்பதற்குப் பதிலாகக் கன்வெர்ட் என்ற கட்டளை இருக்கும். அது 6ஆம் பதிப்பின் வழக்கம். விண்டோஸில் வட்டின் கோப்பமைப்பை மாற்றுவதற்கென்று அதே பெயரில் வேறொரு நிரல் முன்பே இருப்பதால், அந்தப் பெயர் நெடுங்காலம் தொல்லை தந்துவந்தது. 7ஆம் பதிப்பில் எல்லாவற்றுக்கும் மேஜிக் என்ற ஒரே நுழைவாயில்தான்.

கைபேசியில் எடுத்த படங்களில் ஆயத்தொலைவு சொல்பேச்சுக் கேட்காததுபோல் தோன்றினால், அதற்குக் காரணம் பெரும்பாலும் படத்தின் திசைக்குறிப்பு. கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படம், கோப்புக்குள் பெரும்பாலும் படுக்கைவாட்டில் கிடக்கும். பார்க்கும் மென்பொருள்தான் குறிப்பைப் படித்து நிமிர்த்திக் காட்டுகிறது. நாம் திரையில் பார்த்து எண்ணிய இடமும் கோப்பில் உள்ள இடமும் வேறுவேறாகிவிடுகின்றன. படத்தின் பெயருக்கு அடுத்தபடியாக ஆட்டோ-ஓரியன்ட் என்ற தெரிவைச் சேர்த்தால், வரைவதற்கு முன்பே படம் உண்மையாக நிமிர்ந்துவிடும்.

ஒன்றன்மேல் ஒன்று விழும்போது

இரண்டு வட்டங்களைப் பாதி ஆல்ஃபாவில், சற்றே ஒன்றையொன்று தழுவும்படி வரைந்து பாருங்கள். பொதுப்பகுதி மட்டும் அழுத்தமாகத் தெரியும். முதல் வட்டம் அடிப்படத்தின் பாதியை மறைத்துவிட்டது. இரண்டாம் வட்டம் வரும்போது அது காணும் அடிப்படம், முதல் வட்டம் ஏற்கெனவே கரைந்துவிட்ட படம். எஞ்சிய பாதியில் பாதியை அது மறைக்க, மூலப்படம் கால்பங்குதான் மிஞ்சுகிறது. மொத்த மறைப்பு 0.75. மக்கள் கூட்டத்தின் அடர்த்தியைக் காட்டும் வரைபடம் போன்றவற்றில் இந்தக் கருமையே நமக்கு வேண்டியதாக இருக்கலாம். ஒரே பரப்பைப் பல வடிவங்களால் சேர்த்து மூட வேண்டிய இடத்தில் அது குறையாகிவிடும்.

ஒரே வடிவத்துக்குள்ளும் இது நிகழும். ஸ்ட்ரோக் என்ற அமைப்பால் வடிவத்துக்கு ஓரக்கோடு இடலாம். ஸ்ட்ரோக்விட்த் அதன் தடிமன். ஓரக்கோடு வடிவத்தின் எல்லையை நடுவாகக் கொண்டு, பாதி வெளியிலும் பாதி உள்ளேயும் விழுகிறது. உட்பரப்பு முதலில் நிரப்பப்பட்டு, அதன்மேல் கோடு வருகிறது. 10 பிக்சல் தடிமனுள்ள கோட்டையும் உட்பரப்பையும் ஒரே அரைநிறத்தில் வரைந்து, படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்: வெளியே 5 பிக்சல் வெளிறியும், உள்ளே 5 பிக்சல் அழுத்தமாகவும், கோடு இரட்டை வரியாகப் பிளந்து தெரியும்.

இதற்குச் சரியான தீர்வு, வடிவங்களை முதலில் தனி அடுக்கு ஒன்றில் முழு அழுத்தத்துடன் வரைந்து, பிறகு அந்த அடுக்கு முழுவதன் ஆல்ஃபாவையும் ஒரே வீச்சில் குறைத்து, கடைசியில் படத்தின்மேல் பதிப்பதுதான். கட்டளை இப்படி நீளும்:

மேஜிக் கோபுரம்.ஜேபிஜி '(' +குளோன் -ஆல்ஃபா டிரான்ஸ்பரன்ட் -ஃபில் ரெட் -டிரா 'சர்க்கிள் 200,200 200,120' -டிரா 'சர்க்கிள் 290,200 290,120' -சேனல் ஏ -எவால்யுவேட் மல்டிப்ளை 0.5 +சேனல் ')' -காம்போசிட் விடை.பிஎன்ஜி

அடைப்புக்குறிக்குள் நடப்பவை அந்த அடுக்குக்கு மட்டும் உரியவை. குளோன் மூலப்படத்தின் அளவிலேயே ஒரு நகலை எடுக்கிறது; அடுத்த தெரிவு அந்த நகலை முற்றிலும் ஒளிபுகும் வெற்றுத்தாளாக மாற்றுகிறது. அதன்மேல் முழுச் சிவப்பில் இரண்டு வட்டங்கள். சிவப்பின்மேல் அதே சிவப்பு விழுவதால் பொதுப்பகுதியும் அதே நிறம்தான். பிறகு ஆல்ஃபா எண்களை மட்டும் 0.5ஆல் பெருக்குகிறோம். இங்கே பெருக்குவதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் 0.5 என்று மாற்றி எழுதும் செட் செயலைப் பயன்படுத்திவிடக் கூடாது. வட்டங்களுக்கு வெளியே 0 ஆக இருந்த இடங்களும் 0.5 ஆகி, படம் முழுவதும் திரை விழுந்துவிடும். பெருக்கினால் 0 எப்போதும் 0தான்.

பெருக்குவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பிக்சல்கள் சதுரங்கள், வட்டத்தின் விளிம்பு அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. ஒரு சதுரத்தில் மூன்றில் ஒரு பங்கை வட்டம் மூடினால், அங்கே ஏறத்தாழ 0.33 ஆல்ஃபாவில் நிறம் இடப்படுகிறது. விளிம்பு படிக்கட்டாகத் தெரியாமல் வழுவழுப்பாகத் தோன்றுவது இதனால்தான். முழு அழுத்தத்தில் வரைந்த வடிவங்கூட, விளிம்பில் ஒளிபுகும் வடிவமாகவே இருக்கிறது. பெருக்கும்போது இந்த விளிம்பு எண்களும் அதே விகிதத்தில் குறைவதால் வழுவழுப்பு கெடுவதில்லை.

மார்க்கர் பேனாவைப் போலச் செய்ய

புத்தகத்தில் ஒரு வரியின்மேல் மஞ்சள் மார்க்கர் பேனாவை ஓட்டினால், தாள் மஞ்சளாகிறது; கறுப்பு எழுத்து கறுப்பாகவே நிற்கிறது. ஸ்கேன் செய்த பக்கத்தில் இதே விளைவை எதிர்பார்த்து, 255, 255, 0 என்ற மஞ்சளைப் பாதி ஆல்ஃபாவில் செவ்வகமாக இட்டால், எழுத்தின் 0, 0, 0 என்பது 128, 128, 0 ஆகிவிடுகிறது. அழுக்குப் பச்சை படிந்த மங்கலான எழுத்துதான் கிடைக்கும். ஆல்ஃபாவை எவ்வளவு மாற்றிப் பார்த்தாலும் இது தீராது, ஏனென்றால் ஆல்ஃபா கலப்பு அடியில் உள்ளதை மேலே உள்ளதை நோக்கி இழுக்கிறது; மையோ ஒளியை வடிகட்டுகிறது.

வடிகட்டும் கணக்குக்கு மல்டிப்ளை என்ற கலப்பு முறை இருக்கிறது. இரண்டு நிறங்களையும் 0 முதல் 1 வரையிலான எண்களாகக் கொண்டு ஒன்றோடொன்று பெருக்குவதே அதன் வேலை. கறுப்பை எதனோடு பெருக்கினாலும் கறுப்பு. வெள்ளையை மஞ்சளோடு பெருக்கினால் மஞ்சள். எனவே மூலப்படத்தின் அளவில் வெள்ளை அடுக்கு ஒன்றை உருவாக்கி, அதில் வேண்டிய வரிகளின் இடத்தில் மட்டும் ஒளிபுகா மஞ்சளில் செவ்வகங்களை வரைந்து, அடுக்கைப் படத்தின்மேல் பதிக்கும் காம்போசிட் செயலுக்கு முன்பாக, கலப்பு முறையைச் சொல்லும் காம்போஸ் அமைப்பை மல்டிப்ளை என்று வைத்துப் பதித்தால் போதும். வெள்ளை 1 என்பதால், செவ்வகம் இல்லாத இடங்களில் எதுவும் மாறாது. பழைய அச்சுப் பக்கங்களிலும் நில வரைபடங்களிலும் ஒரு பகுதியைச் சுட்டிக் காட்ட, ஆல்ஃபாவைவிட இந்த முறையையே நான் பரிந்துரைப்பேன். கருமையான நிழற்படத்தில் இது பயன்படாது. இருட்டை எதனால் பெருக்கினாலும் இருட்டுத்தான்.

தலைப்புப் பட்டையும் தமிழ் எழுத்தும்

படத்தின் கீழ் ஐந்தில் ஒரு பங்கைப் பட்டைக்கு ஒதுக்க வேண்டும். ஆனால் படங்கள் பல அளவுகளில் இருக்கின்றன. 7ஆம் பதிப்பில் ஆயத்தொலைவு எழுதும் இடத்தில் நேரடி எண்ணுக்குப் பதிலாக எஃப்எக்ஸ் என்னும் கணக்குக் கோவையை எழுதலாம். உயரத்தை 0.8ஆல் பெருக்கி வரும் எண்ணில் தொடங்கி, அகலமும் உயரமும் முடியும் இடம்வரை என்று ஒருமுறை எழுதிவிட்டால், எந்த அளவுப் படத்திலும் பட்டை தன் இடத்தில் அமரும். கிராவிட்டி என்ற அமைப்பு எழுத்தைக் கீழ்நோக்கி இருத்தும். செவ்வகத்தை அது நகர்த்தாது என்பதால் பட்டைக்கு எண்கள்தான் வேண்டும்.

பட்டையின் ஆல்ஃபா எவ்வளவு இருக்கலாம் என்பதைக் கண்மதிப்பில் விட்டுவிடாமல் கணக்கிட்டுப் பார்க்கலாம். படத்தின் கீழ்ப்பகுதி வெள்ளை வெளேரென்று இருப்பதுதான் மிக மோசமான நிலை. அதன்மேல் 0.5 ஆல்ஃபாவில் கறுப்பு இட்டால் 128. அதில் வெள்ளை எழுத்தின் ஒளிர்வு வேறுபாடு ஏறத்தாழ 3.95க்கு 1. இணையப் பக்கங்களின் அணுகல்தன்மைக்கு டபிள்யூ3சி என்னும் இணையத் தர அமைப்பு வகுத்த நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்று கேட்கிறது. ஆல்ஃபாவை 0.6 ஆக்கினால் அடிநிறம் 102 ஆகி, வேறுபாடு 5.7ஐத் தாண்டுகிறது. பாதி என்பது இயல்பாகத் தோன்றும் எண்தான். எழுத்துக்கு அடியில் வரும் பட்டைக்கு அது போதாது. பார்வை குறைந்தவர்களும் வெயிலில் கைபேசியைப் பார்ப்பவர்களும் படிக்க வேண்டும் என்று நினைத்தால் 0.6க்குக் கீழே போகாதீர்கள்.

தமிழில் தலைப்பு எழுதுவோருக்கு இன்னொரு தடை காத்திருக்கிறது. கொ, கே, கை போன்ற எழுத்துகளில் கொம்பு, மெய்யெழுத்துக்கு முன்னால் வர வேண்டும். கணினியின் சேமிப்பிலோ அது பின்னால் இருக்கிறது. அதை முன்னால் கொண்டுவந்து கோத்துத் தரும் வேலையை ராக்ம் (raqm) என்ற நிரலகம் செய்கிறது. அது சேர்க்கப்படாமல் கட்டப்பட்ட இமேஜ்மேஜிக்கில் கோவை என்று எழுதினால், கொம்புகள் இடம்மாறிச் சிதறிப்போகும். பதிப்பு விவரத்தைக் காட்டும் வெர்ஷன் கட்டளையை இட்டால், உடன் கட்டப்பட்ட நிரலகங்களின் பட்டியல் வரும்; அதில் ராக்ம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பேங்கோ என்னும் வேறொரு வழியால் எழுத்தைத் தனிப்படமாக உருவாக்கிப் பட்டையின்மேல் பதிக்கலாம். எந்த வழியானாலும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற தமிழ் எழுத்துருவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது நல்லது. இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் கட்டங்கள்தான் தெரியும்.

துளையிடுவது வேறு

ஃபில் அமைப்பில் நன் (none) என்று இட்டு வட்டம் வரைந்தால், படத்தில் வட்டமான துளை விழும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஆல்ஃபா 0, மேலிருந்து எதுவும் வரவில்லை, கீழே உள்ளது முழுவதும் அப்படியே இருக்கிறது. படம் மாறுவதில்லை. துளையிட வேண்டுமானால் நிறத்தைக் கூட்டும் கணக்குக்குப் பதிலாக, ஆல்ஃபாவைக் கழிக்கும் கணக்கு வேண்டும். வெற்று அடுக்கில் வட்டத்தை முழுக் கறுப்பில் வரைந்து, மூலப்படத்துக்கு ஆல்ஃபா வசதியை இயக்கிவிட்டு, காம்போஸ் அமைப்பை டிஎஸ்டி-அவுட் என்று வைத்துச் சேர்த்தால், வட்டம் மூடும் இடம் மூலப்படத்திலிருந்து வெட்டி எடுக்கப்படும். போர்ட்டரும் டஃபும் வகுத்த சேர்க்கை வகைகளில் இதுவும் ஒன்று.

இப்படித் துளையிட்ட படத்தைப் பிஎன்ஜியாகவோ வெப்பியாகவோ சேமிக்க வேண்டும். ஜேபெக்கில், அதாவது ஜேபிஜி கோப்பில், ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. அதில் சேமித்தால் துளை இருந்த இடத்தில் வேறு நிறம், பெரும்பாலும் கறுப்பு, நிரம்பிவிடும். ஜிஃபில் ஒரு பிக்சல் முழுவதும் தெரியும் அல்லது முழுவதும் தெரியாது, இடைநிலை கிடையாது. ஆனால் ஒளிபுகா நிழற்படத்தின்மேல் ஒளிபுகும் செவ்வகத்தை வரைந்த நம் முதல் படத்தை ஜேபெக்கில் தாராளமாகச் சேமிக்கலாம். கலப்பு முடிந்துவிட்டதால் அந்தப் படத்தில் ஒளிபுகும் பிக்சல் எதுவும் இல்லை.

படங்கள் பல என்றால் மோக்ரிஃபை (mogrify) என்னும் துணைக்கட்டளை ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே மூச்சில் முடித்துத் தரும். அது மூலக்கோப்புகளின்மேலேயே எழுதிவிடும். பாத் என்ற தெரிவால் வேறு கோப்புறையைக் காட்டாமல் அதைப் பயன்படுத்தவே கூடாது. அப்படிக் காட்டாமல் இருமுறை தவறுதலாக ஓடினால் பட்டையும் இருமுறை விழும், 0.6 என்பது 0.84 ஆகிவிடும். காணொளிக்கு எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது. அதன் டிராபாக்ஸ் வடிகட்டியில் நிறப்பெயருக்குப் பின் @0.5 என்று எழுதினால் அதுவே ஆல்ஃபா. அங்கே எதிர்மூலைக்குப் பதிலாக அகல உயரங்களைத் தர வேண்டும். தடிமனை ஃபில் என்று குறிக்காவிட்டால் 3 பிக்சல் ஓரக்கோடு மட்டுமே விழும்.

மறைப்பதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்

அடையாள அட்டையின் எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ மறைக்க, கறுப்புச் செவ்வகத்தை 0.9 ஆல்ஃபாவில் இடுபவர்கள் இருக்கிறார்கள். திரையில் அது முழுக்கறுப்பாகவே தோன்றும். கணக்கோ வேறு சொல்கிறது: தாளின் வெள்ளை 255இலிருந்து 25ஐ ஒட்டிய எண்ணாகவும், எழுத்தின் மை 30இலிருந்து 3 ஆகவும் குறைந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே இன்னும் 22 படிகள் வேறுபாடு இருக்கிறது. படத்தின் ஒளிர்வை உயர்த்தும் எந்தக் கைபேசிச் செயலியும் அந்த 22ஐ இழுத்து விரித்து, எழுத்தைப் படிக்கும்படி செய்துவிடும். அடியில் இருந்த எண்ணை ஒரு மாறிலியால் பெருக்கியிருக்கிறோம் என்பதால், வகுத்தால் அது திரும்பி வந்துவிடுகிறது. 0.98 ஆல்ஃபாவிலும் 5க்கும் 1க்கும் உள்ள வேறுபாடு எஞ்சி நிற்கும்.

மறைக்க வேண்டுமானால் ஆல்ஃபா 1 ஆகவே இருக்க வேண்டும்; அப்போதுதான் அடிநிறம் 0ஆல் பெருக்கப்பட்டு அழிகிறது. அதுவும் படத்தின்மேலேயே வரையப்பட வேண்டும்; அடுக்குகளைத் தனித்தனியாக வைத்திருக்கும் கோப்பு வடிவங்களில் சேமித்தால் மேலடுக்கை எடுத்துவிடலாம். இவை இரண்டையும் செய்த பின்னும் ஒன்று எஞ்சுகிறது. கேமராவில் எடுத்த ஜேபெக் கோப்புகளில் படத்தைப் பற்றிய விவரங்களோடு, மூலப்படத்தின் சிறு மாதிரியும் பதிந்திருப்பது உண்டு. பெரிய படத்தில் நாம் மறைத்தது அந்தச் சிறு படத்தில் மறையாமல் இருக்கக்கூடும். எடுத்த இடத்தின் புவிக்குறிப்பும் அதே பகுதியில்தான் இருக்கும். ஆகவே கட்டளையின் இறுதியில், வெளியீட்டுப் பெயருக்கு முன்பாக, ஸ்ட்ரிப் என்ற தெரிவைச் சேர்த்து அந்த விவரங்களை நீக்கிவிட்டே படத்தைப் பிறருக்கு அனுப்ப வேண்டும். ஸ்ட்ரிப் திசைக்குறிப்பையும் சேர்த்தே நீக்கிவிடுவதால், ஆட்டோ-ஓரியன்ட் அதற்கு முன்னால் இருந்தாக வேண்டும்.